செய்தி நீங்கலாக

எங்கள் பக்கத்தின் முதல் ஒலிபரப்பாளர் ராமானுஜர். அவர் ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு பிறந்தார் என்பது வைணவ மரபு சொல்லும் கணக்கு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து, யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து மந்திரத்தை வாங்கிக்கொண்டவர், நேரே கோயில் உச்சிக்கு ஏறி ஊரையே கூட்டி வைத்து உரக்கச் சொல்லிவிட்டார். லைசென்ஸ் கிடையாது. யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்ற பாகுபாடு கிடையாது. வாக்கு மீறினால் நரகம் என்று தெரிந்தே செய்த காரியம். சென்னை வானொலியின் 'பி' அலைவரிசையும் 1017 கிலோஹெர்ட்ஸ்தான் என்பது தற்செயல். இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். வானொலி விஷயத்தில் பெருமைப்பட எங்களுக்கு வேறு அதிகம் மிச்சமில்லை.

இத்தனைக்கும் ரேடியோ பிடிக்கக்கூடிய சாமான் அத்தனையும் எங்கள் பக்கத்தில்தான் உருவாகிறது. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் காரும் லாரியும், சுங்குவார்சத்திரம் பக்கம் டிவியும் செல்போனும். உலகத்தின் காதுக்கு வேண்டியதையெல்லாம் மூன்று ஷிப்டு போட்டுச் செய்து கொடுக்கிறோம். எங்கள் வாய்க்குத்தான் மைக் இல்லை.

கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். இந்தியாவில் ரேடியோ ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தின் விளையாட்டாக இருந்த காலத்திலேயே மதராஸ் முந்திக்கொண்டது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, அந்த வருடமே ஒலிபரப்பும் செய்தது. கையில் காசு தீர்ந்ததும் 1927இல் கடையைக் கட்டினார்கள். டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே சாயங்காலங்களில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, காற்று வாங்க வந்தவர்களுக்குக் கச்சேரியும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலி வந்து அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முதலில் எழும்பூரில், பிறகு 1954 முதல் கடற்கரைச் சாலையில்.

அதாவது எட்டு வருடம் பட்டணத்து ஆள் கடற்கரையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து ஒரு பகல் மாட்டு வண்டிப் பயணத்தில் இருந்த எங்கள் கிராமத்தில் தெருக்கூத்துக்காரர்தான் வானொலி. அவருக்கு ஏரியல் வேண்டாம், இரவு முழுக்கக் கேட்கும்.

நான் பிறந்த ஊர் வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில். இப்போது அந்த ஊர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; எந்தக் கம்பெனியின் எத்தனையாவது கேட் என்று சொன்னால் புரியும். அங்கே பஞ்சாயத்து ரேடியோ காமராஜர் காலத்தில் வந்தது என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த 1960களின் கடைசியில் அது ஏற்கெனவே கிழடு தட்டிப்போயிருந்தது.

பத்துக்குப் பத்தில் ஓட்டுக் கட்டடம். மேலே ஊரின் நான்கு திசையில் ஒன்றைப் பார்த்து ஒரு குழாய் ஸ்பீக்கர். எந்தத் திசை என்பதில் இரண்டு தெருக்களுக்குத் தீராத வழக்கு. சேரியைப் பார்த்து அது ஒருநாளும் திரும்பியதில்லை என்பதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் வழக்கே இல்லை. கோயில் உச்சியில் ஏறி நின்றவருக்குப் பிறந்தநாள் உற்சவம் விமரிசையாகக் கொண்டாடும் வட்டாரம்தான் எங்களுடையது.

சாவி பஞ்சாயத்துப் பியூனிடம் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, கதவைத் திறந்து ஸ்விட்சைப் போடுவார். உள்ளே வால்வு சூடாக ஒரு நிமிஷம் பிடிக்கும். முதலில் வெந்த தூசி வாசனை வரும். அப்புறம் ஒரு முனகல். அப்புறம் டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். கடைசியில்தான் மனிதக் குரல். முள்ளை நகர்த்தும் அதிகாரம் பியூனுக்கு மட்டும்தான். பஞ்சாயத்துத் தலைவரே வந்தாலும் "கொஞ்சம் சவுண்டு வையேம்பா" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான் பார்த்ததில் அரசாங்க அதிகாரம் என்பதை அவரளவு முழுமையாக அனுபவித்தவர் வேறு யாருமில்லை.

ஆறரைக்கு மாநிலச் செய்தி. பிறகு விவசாயிகளுக்கான பண்ணை இல்ல ஒலிபரப்பு. ஆவடியிலிருந்து கிளம்பும் நடுத்தர அலை, நடுவில் செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி எங்களிடம் வந்து சேர ஒரு தடையும் கிடையாது. பக்கத்துத் தெருவில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். பேசுகிறவரும் எங்களோடுதான் பேசினார். தூர் கட்டும் பருவத்தில் எவ்வளவு யூரியா, புகையான் விழுந்தால் என்ன மருந்து, ஏரித் தண்ணீர் குறைந்தால் எந்த ரகம். எங்கள் ஆட்கள் திண்ணையில் குந்திக்கொண்டு அவரோடு சண்டை போடுவார்கள். "மூட்டை யூரியா வெல இன்னான்னு தெரிஞ்சி பேசறானா பாரு" என்பார் என் பெரியப்பா. ஆனால் மறுநாள் காலையில் சொன்னபடியேதான் செய்வார்.

இதற்கு ஊரறிந்த சாட்சி ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் உண்டு. 1966இல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. திருச்சி அவற்றில் ஒன்று. ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி அந்த நாட்களில் சொல்லிச் சொல்லி, கடைசியில் விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வேளாண் துறை வைத்த எண் ஒன்று, ஊர் வைத்த பேர் ஒன்று. ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விருது எதுவும் கொடுத்துவிட முடியாது.

எங்கள் பக்கம் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 வந்ததும் அதே குழாய் வழியாகத்தான். ஏரிப் பாசன ஊர், வானம் பார்த்த பிழைப்பு. ஆகவே நிகழ்ச்சிகளில் அதிக மதிப்பு வானிலை அறிக்கைக்கு. "ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யலாம்" என்று வாசிப்பார்கள். அந்த ஓரிரு இடம் ஒருநாளும் எங்கள் இடமாக இருந்ததில்லை. என்றாலும் கேட்டோம். தொழிலாளர்களுக்கென்றும் சென்னை வானொலியில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. அது வந்தால் பியூன் எழுந்து பீடி பற்ற வைப்பார், கூட்டம் கலையும். அது பட்டணத்து மில்காரர்களுக்கானது, நமக்கு எதற்கு என்று நினைத்தோம். பிறகு ஊரே தொழிலாளி ஆனபோது, ரேடியோ முன்னால் உட்காரும் பழக்கம் ஊரைவிட்டே போயிருந்தது.

வீட்டுக்கு வந்த ரேடியோ, ஒரு போகம் நன்றாக விளைந்த வருடம் என் அப்பா வாங்கிய பிலிப்ஸ் டிரான்சிஸ்டர். கூடவே தபாலாபீஸில் லைசென்ஸ். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்: துப்பாக்கிக்கு வாங்குவது போல ரேடியோவுக்கும் லைசென்ஸ் புத்தகம் வாங்கி, வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அதை ஒழித்தார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பட்டாவுக்கு அடுத்தபடியாக அந்தப் புத்தகம்தான் இருக்கும். லைசென்ஸ் இல்லாத ரேடியோவைப் பிடிக்க ஆள் வருகிறது என்று எப்போதாவது ஒரு வதந்தி கிளம்பும். அன்றைக்கு ஊரிலிருந்த ரேடியோக்கள் எல்லாம் வைக்கோல் போருக்குள் போகும். சில அங்கேயிருந்தும் பாடியிருக்கின்றன.

பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடுவோம். கடைசிச் சொட்டு உயிர் எப்போதும் இலங்கை வானொலிக்குத்தான். சென்னை நிலையம் அப்பாவுக்கு, கொழும்பு நிலையம் எங்களுக்கு. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய தமிழைக் கேட்டு, எங்கள் 'இன்னா' தமிழ் எங்களுக்கே கூச்சமாக இருக்கும். சென்னையில் சினிமாப் பாட்டைத் தராசில் நிறுத்துப் போட்டார்கள். கொழும்பில் கொட்டிக் கொடுத்தார்கள். சென்னையின் வர்த்தக ஒலிபரப்பு வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. காலை ஏழேகாலுக்கு மட்டும் வீடு மொத்தமும் டில்லிக்குக் கட்டுப்படும். செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி என்ற குரல் வந்தால் என் ஆயா முக்காடு சரி செய்துகொள்வாள். அவ்வளவு மரியாதையான பெண்பிள்ளை பேசும்போது இவள் அலங்கோலமாக இருக்கலாமா?

பிறகு தென்கச்சி கோ. சுவாமிநாதன் வந்தார். 'இன்று ஒரு தகவல்' கேட்காமல் அப்பா கழனிக்குக் கிளம்பியதில்லை. தென்கச்சியாரே வேளாண்மை படித்தவர், பண்ணை நிகழ்ச்சி செய்து வானொலிக்குள் வளர்ந்தவர். சிரிக்கிற மாதிரி சொல்லிவிட்டு, தான் சிரிக்காமல் போய்விடுவார். கடைசி வரியில் இருக்கும் குத்து அப்பாவுக்கு வரப்பில் நடக்கும்போதுதான் உறைக்கும். தனியாகச் சிரித்துக்கொண்டே போகிறாரே என்று ஊரில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

1991 மே 21 ராத்திரி, உலகத்து வானொலிகள் எல்லாம் எங்கள் தாலுகாவின் பெயரைச் சொல்லின. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை எத்தனை விதமாகத் தப்பாகச் சொல்லலாம் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டோம். 1984இல் மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தி, தாயார் கொல்லப்பட்ட செய்தியை பிபிசி கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டார் என்பார்கள். அவர் கொல்லப்பட்ட செய்திக்கு நாங்களும் அப்படித்தான். சில மைல் தூரத்தில் நடந்ததை டிரான்சிஸ்டரைத் திருகித் திருகி வெளிநாட்டு அலைகளில் தேடினோம். மறுநாள் சென்னை நிலையத்தில் சோக இசை. நாட்டுக்கே அது துக்கம். எங்களுக்குத் துக்கத்தோடு பயமும் சேர்ந்தது. போலீஸ் வந்து ரேடியோ வைத்திருந்த வீடுகளில் எல்லாம் "என்னென்ன ஸ்டேஷன் கேப்பீங்க?" என்று விசாரிக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யாரும் வரவில்லை. ஆனால் சில நாள் எங்கள் வீட்டில் முள் ஆவடியை விட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் பெயர் வேறு காரணங்களுக்குப் பிரபலமாகத் தொடங்கியது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1996இல் ஹூண்டாய்க்கு அடிக்கல், 1998இல் சான்ட்ரோ. சாலை அகலமானது, ஏரிக்கரையில் பெட்டிக்கடை, பெட்டிக்கடையில் எஸ்டிடி பூத். நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு அரசிதழில் வந்தது. பேப்பரில் பொடி எழுத்தில் வந்தது. தூர் கட்டும் பருவத்தைத் தேதி வாரியாகச் சொன்ன வானொலியில் எங்கள் சர்வே நம்பர் வந்ததாக யாரும் கேட்டதில்லை.

பட்டணத்தில் அதற்குள் எஃப்எம் வந்துவிட்டது. உண்மையில் அது எப்போதோ வந்ததுதான்: இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23இல் மதராஸில்தான் தொடங்கியது. கேட்க யாரிடமும் பெட்டி இல்லை என்பதுதான் சின்னக் குறை. அலைவரிசை மக்கள் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் இல்லை என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்கள் சொத்து என்றால் ஏலம் விடலாம் என்று அரசாங்கம் புரிந்துகொண்டது. 2003 வாக்கில் சூரியன், மிர்ச்சி எல்லாம் சென்னையில் பாட ஆரம்பித்தன. டீக்கடைக்காரர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை மாட்டினார். சிரிப்பும் பாட்டும் மூச்சு விடாமல் பேச்சும். பஞ்சாயத்துப் பியூன் இருந்திருந்தால் நெஞ்சு வெடித்திருப்பார். முள்ளை யார் வேண்டுமானாலும் திருப்பினார்கள்.

அந்த எஃப்எம்மில் ஒருநாள் எங்கள் ஊர் பெயர் வந்தது. டீக்கடையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டோம். பின்னணியில் குருவி கத்துகிறது, குழந்தை சிரிக்கிறது, ஒரு கணீர்க் குரல் சொல்கிறது: ஒரகடத்துக்கு மிக அருகில், சிப்காட்டிலிருந்து பத்தே நிமிடத்தில், டிடிசிபி அப்ரூவ்டு மனைகள், கிணற்றில் சுவையான குடிநீர். அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "அது நம்ம கயினிக் கெணறுடா" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். எங்கள் பங்கில் பாதி சிப்காட்டுக்குப் போனது. மீதியை ஒட்டியிருந்த சித்தப்பா பங்கை மனை போட்டார்கள். அதன் கிணறுதான் ரேடியோவில் பேசப்பட்ட கிணறு. எந்த நெல்லை நடு, எந்த மருந்தை அடி என்று முப்பது வருடம் சொல்லிக் கொடுத்த பெட்டி, கடைசியில் அந்த நிலத்தையே சதுர அடிக் கணக்கில் விற்றும் கொடுத்தது. பேசியது வேறு நிலையம், வேறு முதலாளி என்று அப்பாவுக்கு விளக்கிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு ரேடியோ என்றால் ஒன்றுதான். "மொதல்ல நெல்லு போடச் சொன்னான், இப்ப கல்லு நடச் சொல்றான். எப்பவும் அவன் சொல்றதத்தானே செஞ்சோம்" என்றார்.

2006இல் நோக்கியா வந்தது. என் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே சேர்ந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஒரு காலத்தில் ஏர் பூட்டிய நேரம் அது. முதல் போனஸில் அவள் வாங்கி வந்த செல்போனைத் தாத்தாவிடம் கொடுத்துக் காட்டிய காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையடக்கம், டார்ச் உண்டு, ரேடியோவும் உண்டு.

"இந்த ஒயரக் காதுல மாட்டினாத்தான் தாத்தா பாடும். இதுதான் ஏரியல்."

அப்பா ஒரு பக்கம் காதில் மாட்டிக்கொண்டார். பாட்டு வந்தது. முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆவடியப் புடி" என்றார்.

"இதுல அது வராது தாத்தா. எஃப்எம் மட்டும்தான்."

"ஆவடி இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"பக்கம்தான்."

"இந்தப் போனு எங்க செஞ்சது?"

"அதுவும் பக்கம்தான் தாத்தா. நான்தான் செக்கிங்."

"பக்கத்துல செஞ்ச போன்ல பக்கத்து ஸ்டேஷன் வரலன்னா, இன்னாத்தம்மா செக் பண்ணே?" என்றார் அப்பா. அவளிடம் பதில் இல்லை. நடுத்தர அலைக்கு வேறு சர்க்யூட் வேண்டும், வேறு ஏரியல் வேண்டும், அது அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது என்பதெல்லாம் நிஜம். ஆனால் அவர் கேட்டதும் நிஜமான கேள்விதான்.

அந்தத் தொழிற்சாலையும் நிலைக்கவில்லை. வரித் தகராறில் சிக்கி, மைக்ரோசாஃப்ட் வாங்கிய சொத்துக்களோடு சேர முடியாமல் நின்று, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கில் வேலை போனது. அன்று டீக்கடை எஃப்எம்மில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறிவிப்பாளர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, சட்டம் அப்படி. தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

எது செய்தி, எது செய்தியில்லை என்பதற்கு அரசாங்கம் ஒரு பட்டியலும் தந்திருக்கிறது. படித்தால் பொழுது போகும். போக்குவரத்து நிலவரம் செய்தியில்லை. வானிலை செய்தியில்லை. தேர்வு முடிவு, வேலை வாய்ப்பு, கரண்டு எப்போது போகும், தண்ணீர் எப்போது வரும், இயற்கைச் சீற்றம் எதுவும் செய்தியில்லை, தாராளமாகச் சொல்லலாம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கூட வேலை செய்யும் பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்ததும், பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பட்டியல்படி எங்கள் எஃப்எம் சொல்லக்கூடியது: நெடுஞ்சாலையில் வாகன நெரிசல், மாற்றுப் பாதையில் செல்லவும். நெரிசல் ஏன் என்று சொன்னால் செய்தி. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் பந்தலில் மழை பெய்ததா இல்லையா என்று வானொலி சொல்லலாம். பந்தல் எதற்கு என்று சொல்லக்கூடாது.

இப்போது எங்கள் பக்கம் உலகத்துக்கு ஐபோன் செய்து கொடுக்கிறது. அதில் ரேடியோவே இல்லை. ஐபோன் 7, 8இல் எஃப்எம் சிப்பும் கிடையாது, ஏரியலும் கிடையாது என்று ஆப்பிளே 2017இல் சொல்லிவிட்டது. அப்பா இருந்திருந்தால் ஆவடி வருமா என்று கேட்கவே இடமிருந்திருக்காது. 2023இல் மத்திய அரசு செல்போன் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது: போனில் எஃப்எம் வசதியை அணைத்து வைக்காதீர்கள், பேரிடர்க் காலத்தில் மக்களுக்கு உதவும். ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்த ரேடியோவுக்கு லைசென்ஸ் கேட்டுத் துரத்திய அரசாங்கம், இன்று தயவு செய்து ரேடியோ வையுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடும் நிலைக்கு வந்திருக்கிறது. ஐம்பது வருடம் பொறுத்திருந்தால் எல்லாமே பார்க்கலாம்.

நடுத்தர அலை இன்னும் சாகவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையில் அகில இந்திய வானொலி அதைப் புதுப்பித்தது. வாங்கிக் கேட்க யாரிடமும் பெட்டி இல்லை. கார்களில் மட்டும் இருக்கிறது. இந்தியாவில் ஹூண்டாய் உட்படப் பல கம்பெனிகளின் கார்களில் டிஆர்எம் ரேடியோ சேர்ந்தே வருகிறது. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கால் டாக்சி ஓட்டும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம் வழியில் அதைப் போடச் சொன்னேன். பஞ்சாயத்துப் பியூனின் பேரன் அவன். திரையில் எங்கெங்கோ தட்டி, கடைசியில் பிடித்தான். கொரகொரப்பு இல்லை, முனகல் இல்லை, கண்ணாடி போல ஒரு குரல் விவசாயிகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கம்பெனி காம்பவுண்டுச் சுவர். "யாருக்குண்ணே இதெல்லாம் சொல்றாங்க?" என்றான். உங்கள் தாத்தா தலை சாய்த்துக் கேட்டதெல்லாம் இதுதான் என்றேன். "அப்பிடியா?" என்று சொல்லிவிட்டு ப்ளூடூத்துக்கு மாறினான். முள் யார் கையில் என்பதில் குடும்ப குணம் போகவில்லை.

இன்று எங்கள் ஊரில் பாதிப் பேர் பேசுவது இந்தியும் ஒடியாவும் வங்காளியும். பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர், ஆறு போன், ஆறு பாட்டு. திருவண்ணாமலை, விழுப்புரத்திலிருந்து வந்த பெண்கள் விடுதிகளில். யாருக்கும் ஊர் ஏரி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஏரிக்கும் அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. மழைக்காலத்தில்தான் விசாரித்துக்கொண்டு வருகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட ராத்திரி, கரண்டு போய், டவர் போய், செல்போன்கள் எல்லாம் டார்ச் லைட் ஆனபோது, சென்னையின் எஃப்எம் நிலையங்களில் பாட்டை ஓரம் கட்டிவிட்டு உதவி எண்களைச் சொன்னார்கள். அந்தப் புண்ணியத்தை மறுக்க மாட்டேன். அவர்கள் சொன்ன பெயர்கள் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், வேளச்சேரி. எங்கள் பக்கத்து ரூம்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒடியாப் பையன்களுக்குக் கோட்டூர்புரம் எந்தத் திசை என்றே தெரியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்டு வாங்கலாம். நூறு வாட் சக்தி, முப்பது மீட்டர் கோபுரம், சுற்று வட்டாரத்தில் சில மைல். கிண்டியில் பேசினால் ஒரகடத்தில் கேட்காது. ஒரகடத்தில் பேசினால் ஒரகடத்துக்குக் கேட்கும். ஒரு கம்பெனியின் வாசல் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் செலவில் ஒரு நிலையம் நடத்திவிடலாம். பஸ் எத்தனை மணிக்கு, எந்த ரேஷன் கடையில் வெளிமாநிலக் கார்டு செல்லும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர், எந்த ஏரி நிரம்பிவிட்டது, எந்தப் பக்கம் ஓடினால் மேடு. தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஒடியாவில் ஒரு தடவை.

சட்டத்துக்கும் இதில் சங்கடம் இல்லை. ஏரி உடைந்தது இயற்கைச் சீற்றம். பட்டியலில் இருக்கிறது, சொல்லலாம். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் யார் சுவர் எழுப்பினார்கள் என்பதுதான் செய்தி. அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டால் போதும். சொல்லாமல் இருப்பதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.